தீர விசாரியாத மன்னர்கள்

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரிலிருந்த ஓர் உணவகத்தில் கறிக்குள் ஒரு வெள்ளைக் கட்டி கிடந்தது. கரையாமல் திரண்டுபோன மாக்கட்டி. அடுப்படியில் நின்று பழகிய எவருக்கும் அது புதினமல்ல. ஆனால் அதைக் கண்டெடுத்தவர் மா என்று ஏற்க மறுத்தார். சிங்கள இனம் பெருகாமல் தடுப்பதற்காக முஸ்லிம் கடைகளில் உணவில் கலக்கப்படும் 'வந்த பெத்தி', அதாவது மலட்டு மாத்திரை, என்று கூச்சலிட்டார். கூட்டம் கூடியது. உணவகக்காரர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம். சிங்களம் அவருக்கு அரைகுறை. சுற்றி நின்றவர்கள் "போட்டாய்தானே?" என்று மிரட்டிக் கேட்க, கேள்வி முழுதாய் விளங்காத நிலையில், உயிரச்சத்தில், ஆம் என்று பொருள்படும்படி அவர் ஏதோ சொன்னார். அது கைத்தொலைபேசியில் பதிவாயிற்று.

அவ்வளவுதான். உணவகம் நொறுக்கப்பட்டது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. வாகனங்கள் சேதமாக்கப்பட்டன. அந்தச் சிறு காணொளியோ முகநூல் வழியே நாடெங்கும் சென்று, 'குற்றவாளி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான்' என்ற தீர்ப்பாக மாறிற்று.

காரைதீவிலிருந்து அம்பாறைக்குச் செல்லும் வீதியில், சம்மாந்துறையை ஒட்டிக் கிடக்கும் வீரமுனை என் ஊர். பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, அந்தக் காணொளியைப் பார்த்தபோது ஏற்பட்ட முதல் உணர்வு கோபமல்ல, வெட்கம். ஏனெனில் 'வாக்குமூலம்' என்ற சொல்லின் பொருளை இந்நாட்டின் தமிழர்களைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. தாம் வாசிக்க இயலாத சிங்களத்தில் எழுதப்பட்ட தாள்களில் கையொப்பமிட்டு, 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் சிறையிருந்த எத்தனை இளைஞர்களின் கதைகளை நாம் எழுதியிருக்கிறோம்! அம்பாறை உணவகத்தில் நடந்ததும் அதே விசாரணைதான். பொலிஸ் அதிகாரி இருந்த இடத்தில் கூட்டமும், தாள் இருந்த இடத்தில் கைத்தொலைபேசியும் இருந்தன என்பதே வேறுபாடு.

பின்னர் நடந்தவை ஆவணமானவை. அரச பகுப்பாய்வாளரின் பரிசோதனையில் மலட்டு மருந்து எதுவும் காணப்படவில்லை, இருந்தது மாவுப்பொருளே. உணவில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தர மலடாக்கக்கூடிய மாத்திரை மருத்துவ உலகில் இல்லை என்று மருத்துவர்களும் விளக்கினார்கள். ஆனால் அந்த விளக்கங்கள் வருவதற்குள் கண்டி மாவட்டம் எரிந்துகொண்டிருந்தது. தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் உயிரிழந்ததும், ஏற்கெனவே காய்ந்து கிடந்த விறகில் நெருப்பு விழுந்தது. திகன நகரில் நடந்து திரிந்தபடி, இங்கே சிங்களவர் கடைகளைத் தேடவேண்டியிருக்கிறது, ஊரே முஸ்லிம்களுடையதாகிவிட்டது என்று பேசிய அமித் வீரசிங்கவின் காணொளியும் அந்நாட்களில் பரவிய ஒன்று. பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞன் பிணமாகக் கிடந்தான். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் முகநூலும் வாட்ஸ்அப்பும் வைபரும் முடக்கப்பட்டன.

மாக்கட்டிக்கும் மரணத்துக்கும் இடையே கழிந்தது இரண்டு வாரத்துக்கும் குறைந்த காலம்.

'பொய் பரவிற்று, அதனால் கலவரம் வந்தது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட நம்மில் பலருக்கு வசதியாக இருக்கிறது. என் வாதம் அதுவன்று. அம்பாறைக் காணொளியில் இருந்த காட்சி பொய்யல்ல. அந்த மனிதர் அங்கே நின்றது மெய். கேள்வி கேட்கப்பட்டது மெய். அவர் வாய் அசைந்தது மெய். காட்சி முழுவதும் மெய்யாக இருந்துகொண்டே அதன் பொருள் முழுவதும் பொய்யாக இருக்கமுடியும் என்பதுதான் இக்காலத்தின் பெருங்கேடு.

தமிழருக்கு இது புதிய பாடமா? சிலப்பதிகாரத்தின் பாண்டியன், கள்வன் கையில் சிலம்பு இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருமாறு ஆணையிட்டான். கையில் சிலம்பு இருந்தது. அது மெய்தான். அது யாருடைய சிலம்பு என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்த்தபோது கோவலன் உயிரோடில்லை. அந்த மன்னனாவது தன் பிழையை அறிந்த கணத்தில் உயிர்விட்டான். கைத்தொலைபேசி வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் இன்று தீர விசாரியாத மன்னர்களாகிவிட்டோம். பிழை தெரியவரும்போது பதிவை நீக்கிவிட்டு அடுத்த காணொளிக்குப் போகிறோம்.

இதில் முகநூல் நிறுவனத்தின் பங்கைப் பேசாமல் செல்ல முடியாது. 2014 யூன் மாத அளுத்கம வன்முறைக்குப் பின்னர், அதே ஆண்டிலேயே கொழும்பின் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் முகநூலில் பரவும் வெறுப்புப் பேச்சைப் பற்றி ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. அதற்கும் திகனவுக்கும் இடையே நான்கு ஆண்டுகள் இருந்தன. அந்த நான்கு ஆண்டுகளில் சிங்களமும் தமிழும் அறிந்த போதிய கண்காணிப்பாளர்களை அமர்த்த உலகின் பெரும் பணக்கார நிறுவனங்களுள் ஒன்றுக்கு மனம் வரவில்லை. குழந்தைகளையும் விடாமல் முஸ்லிம்களைக் கொல்லுங்கள் என்ற பதிவைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, அது எங்கள் விதிகளை மீறவில்லை என்ற மறுமொழி வந்தது. 2020 மே மாதத்தில்தான் அந்நிறுவனம் தன் தளத்தால் இலங்கையில் ஏற்பட்ட பாதிப்புகளுக்கு மன்னிப்புக் கோரியது. எரிந்த வீடுகளுக்கு அதனால் கூரை வந்ததா என்று கேட்பது வீண்.

அலட்சியத்தோடு கணக்கும் உண்டு. 2021இல் வெளியே வந்த அந்நிறுவனத்தின் உள்ளக ஆவணங்கள் ஒரு செய்தியைச் சொல்லின. 2017ஆம் ஆண்டிலிருந்து, ஒரு பதிவுக்கு மக்கள் இடும் 'கோப'க் குறிக்கு, 'விருப்ப'க் குறியைப்போல் ஐந்து மடங்கு எடை அளிக்கப்பட்டிருந்தது. அதாவது நம்மைச் சினமூட்டும் பதிவு மேலும் பலருக்குக் காட்டப்பட்டது. பின்னர் அந்த எடையைப் படிப்படியாகக் குறைத்து 2020இல் இல்லாமலாக்கினார்கள். அம்பாறைக் காணொளி ஊர்வலம் வந்த காலம் இடைப்பட்ட காலம் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதே 2018 மார்ச்சில் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, டுவிட்டரில் பொய்ச்செய்தி மீள்பகிரப்படும் வாய்ப்பு மெய்ச்செய்தியைவிட 70 சதவீதம் அதிகம் என்றும், 1500 பேரைச் சென்றடைய மெய்க்குப் பொய்யைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு காலம் எடுக்கிறது என்றும் கண்டது. அவ்வாறு பரப்பியவை பெரும்பாலும் இயந்திரக் கணக்குகள் அல்ல, மனிதர்கள் என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

மனிதர்கள். அதாவது நாம்.

இங்கேதான் என் சண்டை தொடங்குகிறது. சிங்களப் பேரினவாதக் கூட்டத்தைச் சாடினால் தமிழ் வாசகர்கள் கைதட்டுவார்கள். அமெரிக்க நிறுவனத்தைச் சாடினால் எல்லாரும் கைதட்டுவார்கள். நம்மைப் பற்றிப் பேசினால்?

திகன எரிந்து இரண்டு மாதங்கள் கழித்து, 2018 மே மாதத்தில், தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று முடிவுசெய்த ஊரார் அவரை அடித்தே கொன்றார்கள். அந்நாட்களில் இந்தியா முழுவதும் சுற்றிய காணொளிகளுள் ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் நிற்கும் சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள். அது கராச்சியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் இறுதிப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. பிள்ளைகளைக் காக்க எடுத்த படம் கொலைக் கருவியாயிற்று. அடித்தவர்கள் தமிழர், அடிபட்டவரும் தமிழர். இனமும் மதமும் இல்லாத இடத்திலும் இந்த நோய் கொல்லும்.

என்னையும் சேர்த்தே சொல்கிறேன். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிந்திய வாரங்கள் அவை. ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில், சஹ்ரானின் குடும்பத்தினர் பதுங்கியிருந்த வீட்டில் குண்டுகள் வெடித்துப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டிருந்தனர். (அந்த வீட்டில் அந்நியர் நடமாட்டம் இருப்பதைச் சந்தேகித்துத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே என்பதைப் பகிர்ந்தவர்கள் எத்தனை பேர்?) கரையோரம் முழுவதும் மூச்சுவிடப் பயந்திருந்த அந்நாட்களில், எனக்கு ஒரு காணொளி வந்தது. ஒரு கோயில் காணியின் வேலியைச் சிலர் பிடுங்கி எறிகிறார்கள். 'இன்று எங்கள் பகுதியில்' என்று கீழே எழுதியிருந்தது. பேச்சு தமிழ். பனையும் மணலும் நம் ஊர்போலவே இருந்தன. நான், முப்பது ஆண்டு அனுபவமுள்ள பத்திரிகையாளன், அதை நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன்.

அரை மணித்தியாலத்தில் சம்மாந்துறையிலிருந்து பள்ளித் தோழன் ஒருவன் அழைத்தான். கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"மச்சான், பின்னால ஒரு பஸ் போகுதே, அதுட நெத்தியில என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சியா?"

மீண்டும் பார்த்தேன். 'அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருந்தது. தமிழ்நாட்டுப் பேருந்து. தமிழ் எழுத்துதான், ஆனால் நம்முடைய கரையில் ஓடும் பேருந்து எதிலும் அந்தப் பெயரைக் காணமுடியாது. எந்த ஆண்டின் காட்சி, எந்த ஊரின் தகராறு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான்கு குழுக்களிலும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இரண்டில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒன்றில், "இது இல்லாவிட்டாலும் வேறொன்று நடந்திருக்கும்தானே" என்று பதில் வந்தது. அந்த வரியை நான் மறக்கவில்லை. காட்சி பொய்யென்று தெரிந்த பிறகும் தீர்ப்பு மட்டும் அப்படியே நிற்கிறது! அப்படியானால் காணொளி நம்மை ஒரு முடிவுக்குக் கொண்டுவரவில்லை. முடிவை ஏற்கெனவே எடுத்து வைத்துக்கொண்டுதான் காணொளியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊருக்கு இது எத்தனை ஆபத்தானது என்பதை ஆகஸ்ட் மாதம் ஒவ்வொன்றும் சொல்லும். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 12ஆம் திகதி வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களுள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்; ஊர்காவல் படையினர் செய்தார்கள் என்பது எங்கள் மக்களின் சாட்சியம். பத்து நாட்களுக்குள் நடந்தவை இவை. அப்போது காணொளி இல்லை. ஊர்விட்டு ஊர் ஓடிய வதந்திக்குக் கால்கள் மட்டுமே இருந்தன. அந்தக் கால்களே அத்தனை தூரம் ஓடின.

இன்று ஆகஸ்ட் பிறந்ததும் என் கைத்தொலைபேசியில் இரண்டு ஊர்வலங்கள் தொடங்குகின்றன. தமிழ்க் குழுக்களில் வீரமுனை. முஸ்லிம் குழுக்களில் காத்தான்குடியும் ஏறாவூரும். எங்கோ எடுத்த பிணங்களின் படங்களுக்குச் சோக இசை சேர்த்து, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒட்டிய காணொளிகளும் அவற்றோடு வருகின்றன. தன் இறந்தவரை நினைப்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு. நானும் அந்நாளில் கோயிலில் விளக்கேற்றுபவன். ஆனால் இறந்தவரின் பெயரால் பொய்ப்படம் போடுவது இறந்தவருக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. உண்மையாகக் கொல்லப்பட்டவர்களையும் பொய்யர்களாக்கிவிடும் அநீதி. புட்டும் தேங்காய்ப்பூவும் என்று மேடையில் நம்மை வருணிப்பவர்களே, இரவில் அந்தக் காணொளிகளைப் பகிர்வதையும் கண்டிருக்கிறேன்.

'அப்படியானால் காணொளியே வேண்டாமென்கிறீரா?' என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2020 மே மாதத்தில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், ஜோர்ஜ் ஃபுளொய்டின் கழுத்தின்மேல் பொலிஸ்காரன் மண்டியிட்டிருந்ததை ஒரு பதின்வயதுப் பெண் பதிவு செய்திராவிட்டால், அந்தக் கொலைக்கு நீதி கிடைத்திருக்குமா? அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நம் கண்முன்னே உள்ள உதாரணம் 2009 ஆகஸ்ட்டில் சனல் 4 ஒளிபரப்பிய, கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சி. இலங்கை அரசு அதைப் போலியென்றது. அப்போது நாம் என்ன கேட்டோம்? நம்புங்கள் என்றா கேட்டோம்? பரிசோதியுங்கள் என்று கேட்டோம். ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், தடயவியல், துப்பாக்கியியல், ஒளிப்பதிவு ஆகிய துறைகளைச் சேர்ந்த மூன்று சுயாதீன நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். அக்காட்சி உண்மையானதாகவே தோன்றுகிறது என்ற அவர்களது முடிவை 2010 யனவரியில் வெளியிட்டார். அந்தக் காணொளி சாட்சியமானது அது பரவியதால் அல்ல, பரிசோதனையில் நின்றதால்.

நம்முடைய காணொளிக்கு நாம் வேண்டிய அதே நீதியைத்தான் அடுத்தவர்மீது குற்றஞ்சாட்டும் காணொளிக்கும் வேண்டுகிறேன். அதை மறுப்பவருக்கு, முள்ளிவாய்க்காலின் காட்சிகளை உலகம் நம்பவேண்டும் என்று கேட்கும் தகுதி குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு பொய்க் காணொளியும் மெய்க் காணொளியொன்றின் கழுத்தை நெரிக்கிறது. இயந்திரமே முகத்தையும் குரலையும் செய்து தரும் காலத்துக்கு வந்துவிட்டோம். இனி எந்தக் கொலைகாரனும் 'அது செயற்கையாகச் செய்தது' என்று சொல்லித் தப்பலாம்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்போரும் உளர். 2018இல் ஒரு வாரம் சமூக வலைத்தளங்களை மூடினார்கள். வதந்தி பரப்பியவர்கள் மாற்றுவழியில் உள்ளே போனார்கள், அதை மறுக்கவிருந்த சாதாரண மக்கள் வெளியே நின்றார்கள். 2024ஆம் ஆண்டில் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். எது பொய் என்று சொல்லும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்தார்கள். வெறுப்பைத் தடுக்க என்று வந்த சட்டங்கள் இந்நாட்டில் யார்மீது பாய்ந்தன? 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை எழுதியதற்காக அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டது 2023 டிசம்பரில். பொய்யை அளக்கும் கோலை அரசின் கையில் கொடுப்பதற்கு நான் உடன்படேன்.

அப்படியானால் யார் செய்வது? என் தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்யவேண்டும். அவர்கள் செய்யவில்லை என்பதே என் குற்றச்சாட்டுகளுள் முதன்மையானது. காணொளி மட்டும்தான் பொய் சொல்லும் என்பதில்லை. 2019 மே 23ஆம் திகதி 'திவயின' நாளிதழ், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்று முதற்பக்கத்தில் எழுதிற்று. அடுத்த நாள் குருணாகல் மருத்துவர் கைதானார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பின்னர் நீதிமன்றுக்குத் தெரிவித்தது. அம்பாறையின் மாக்கட்டி ஓராண்டில் அச்சுக்கூடம் ஏறிய கதை அது. இன்று தமிழ் ஊடகங்கள் செய்வதென்ன? 'சமூக வலைத்தளங்களில் வேகமாகப் பரவும் காணொளி' என்று தலைப்பிட்டு, அதை அப்படியே ஒட்டி வைக்கின்றன. பரவுகிறது என்பது செய்தியா? காய்ச்சலும் பரவுகிறது. மருத்துவரின் வேலை அதை அறிவிப்பது மட்டுமா?

யார் எடுத்தது, எங்கே, எப்போது, கமெரா திறப்பதற்கு முன் என்ன நடந்தது, மூடிய பின் என்ன நடந்தது, அதிலே தோன்றும் மனிதரிடம் எவராவது பேசினார்களா என்று கேட்க, ஒரு நிருபருக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு பகற்பொழுதும் போதும். அந்த ஒரு பகலைக் கொடுக்க ஆசிரியர் பீடங்களுக்கு மனமில்லை. அடுத்த தளம் முந்திவிடுமாம். முந்தட்டும். முந்திச் சென்று கொள்ளி வைப்பதில் என்ன பெருமை?

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இதை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் அங்கிருந்து பகிரும்போது உங்கள் தெருவில் ஒன்றும் நடப்பதில்லை. காரைதீவு முதல் அம்பாறை வரையான இந்த வீதியில், தமிழன் வயலின் நெல்லை முஸ்லிம் ஆலையில் குற்றுகிறோம்; ஒருவர் கடையில் ஒருவர் சாப்பிடுகிறோம். இரவு பத்து மணிக்கு ஒரு காணொளி வந்தால், மறுநாட் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா என்று யோசிப்பவர்கள் நாங்கள்.

என் தோழன் இன்னும் சம்மாந்துறையில்தான் இருக்கிறான். இப்போது எனக்கு ஏதாவது காணொளி வந்தால் முதலில் அவனுக்கு அழைப்பு எடுக்கிறேன். அவனுக்கு வந்தால் அவன் எடுக்கிறான். இருவரும் சேர்ந்து பேருந்தின் நெற்றியை வாசிக்கிறோம். பெரும்பாலும் அதற்குமேல் எதுவும் தேவைப்படுவதில்லை.